எலெக்ட்ரானிக் சிட்டி தலபுராணம்

கல்லை நட்டு மஞ்சள் பூசிய இடத்துக்கெல்லாம் தலபுராணம் இருக்கிற நாட்டில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மட்டும் ஒன்று இல்லை. ஓசூர் ரோட்டில் மணிக்கணக்கில் நின்று தவம் செய்தவன் என்ற உரிமையில் நானே எழுதிவிடுகிறேன். தீர்த்தம், தண்ணீர் லாரி. தலவிருட்சம், டோல்கேட். மூலவர் இந்திய அரசியல் சாசனம், டெல்லியில் குடியிருக்கிறார். உற்சவர் மட்டும் அவ்வப்போது இந்தப் பக்கம் எழுந்தருளுவார், சில சமயம் நடுராத்திரியில்.

முதலில் உற்பத்திப் படலம். 1976-ல் தேவராஜ் அர்ஸ் அரசு கியோனிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி ஆர்.கே. பாலிகாவைத் தலைவராக உட்கார வைத்தது. மனிதர் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் பக்கம் 332 ஏக்கரைக் காட்டி, பெங்களூரை இந்தியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆக்குகிறேன் என்றார். வீட்டுக்கு ஒரு போன் வாங்க வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் 1978-ல் வேலை ஆரம்பமாகிவிட்டது.

நடுவில் ஒரு தடங்கல். 1977 டிசம்பர் 31, ஊரே புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாளில், அர்ஸ் ஆட்சியை டெல்லி கலைத்தது. கலைத்தவர்கள் யார்? நெருக்கடி நிலையில் மூச்சுமுட்டிய ஜனநாயகத்தைக் காப்பாற்றுகிறோம் என்று ஓட்டு வாங்கி வந்த ஜனதாக்காரர்கள். அதே வருஷம் ஏப்ரலில் ஒன்பது மாநில ஆட்சிகளை வீட்டுக்கு அனுப்பியிருந்ததால் கை நன்றாகப் பழகியிருந்தது. 1978 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. அர்ஸ் ஜெயித்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

கலைப்பதற்கு உதவிய ஆயுதம் 356-வது பிரிவு. மாநிலத்தில் ஆட்சி சாசனப்படி நடக்க வழியில்லை என்று ஜனாதிபதிக்குப் பட்டால் கலைக்கலாம். இதெல்லாம் ஏட்டிலேயே செத்துக் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள் என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் நம்பிக்கை தெரிவித்தார். நாம் இதுவரை நூறு தடவைக்கு மேல் தொட்டிருக்கிறோம்.

இனி பொம்மை படலம். இந்தப் புராணத்தின் உயிரே இதுதான், நிதானமாகச் சொல்கிறேன்.

போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் 1988 ஆகஸ்டில் ராமகிருஷ்ண ஹெக்டே விலக, எஸ்.ஆர். பொம்மை முதலமைச்சரானார். பெயரை வைத்துத் தமிழர்கள் அடிக்கக்கூடிய ஜோக்குகளை மனதுக்குள்ளேயே அடித்து முடித்துவிடுங்கள். நடந்த கதை அதையெல்லாம்விட நன்றாக இருக்கிறது. 1989 ஏப்ரல் 15-ல் பொம்மை தன் அமைச்சரவையை விரிவுபடுத்தி 13 பேரைப் புதிதாகச் சேர்த்தார். கல்யாண வீட்டில் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் வாசலில் நின்று என்ன பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும். இரண்டே நாளில் கே.ஆர். மொளகேரி என்ற எம்.எல்.ஏ. கட்சியைவிட்டு வெளியே வந்தார். ராஜ்பவனுக்கு அவர் கொண்டுபோனது 19 கடிதங்கள். அத்தனையிலும் ஒரே பாட்டு: பொம்மைக்கு ஆதரவு வாபஸ்.

கவர்னர் பி. வெங்கடசுப்பையா கடிதங்களை வாங்கிக்கொண்டார். கையெழுத்துகள் அசல்தானா என்று சட்டமன்றச் செயலாளரைக் கூப்பிட்டுச் சரிபார்த்தார். அதுவரை சரி. கூப்பிடு தூரத்தில் இருந்த முதலமைச்சரைக் கூப்பிட்டு, “என்னய்யா விஷயம், உன் பக்கம் எத்தனை பேர்?” என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. 19-ந் தேதியே பொம்மைக்குப் பெரும்பான்மை போய்விட்டது என்று டெல்லிக்கு எழுதிவிட்டார். மறுநாள் அந்தப் 19 பேரில் ஏழு பேர், “ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், நாங்கள் பொம்மை பக்கம்தான்” என்கிற அர்த்தத்தில் மாற்றுக் கடிதம் கொடுத்தார்கள். பொம்மையும் சட்ட அமைச்சரோடு ஓடிவந்து, சபையைக் கூட்டுங்கள், வேண்டுமானால் முன்கூட்டியே கூட்டுங்கள், அங்கேயே தலையை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்று மன்றாடினார். கவர்னர் அன்றைக்கே டெல்லிக்கு இரண்டாவது கடிதம் போட்டார்: இங்கே பேரம் நடக்கிறது. ஏப்ரல் 21-ல் ஆட்சியும் போச்சு, சட்டமன்றமும் போச்சு. பதவியேற்பு விழா மாலை வாடுவதற்குள் மந்திரிகளானவர்கள் மாஜி ஆனார்கள்.

பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன், பட்டுக்கோட்டை பக்கத்து ராஜாமடத்துக்காரர். மந்திரிசபை நீட்டுகிற இடத்தில் போட்டுத்தான் ஆகவேண்டும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பேனாவுக்குத் தென்னாட்டின்மேல் தனிப் பிரியம் இருந்திருக்க வேண்டும். 1988 ஜனவரியில் சென்னைச் சட்டசபையில் மைக் பறந்து, போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்திய கூத்துக்குப் பிறகு ஜானகி ஆட்சியைக் கலைத்ததும் அதே பேனா. 1991 ஜனவரியில் கருணாநிதி ஆட்சியைக் கலைத்ததும் அதே பேனா. அந்தத் தடவை கவர்னர் பர்னாலா அறிக்கை தர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள். அதற்கும் 356-ல் சந்து இருந்தது.

பொம்மை கோர்ட்டுக்குப் போனார். கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். அமர்வுக்குத் தலைமை எஸ். ரத்தினவேல் பாண்டியன், திருநெல்வேலிச் சீமைக்காரர். தஞ்சாவூர்க் கையெழுத்தைத் திருநெல்வேலி விசாரித்தது. 1994 மார்ச் 11-ல் தீர்ப்பு: பெரும்பான்மையை எண்ண வேண்டிய இடம் சபை, ராஜ்பவன் அல்ல. கலைத்தது சரியா என்று கோர்ட் பார்க்கலாம். நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. தப்பாகக் கலைத்திருந்தால் பழைய ஆட்சியையே திரும்ப உட்கார வைக்கலாம்.

ஆகா, பொம்மைக்கு நாற்காலி வந்ததா என்றால், எங்கே? அதற்குள் ஐந்து வருஷம் ஓடி, பொதுத் தேர்தல் முடிந்து, வீரேந்திர பாட்டீல், பங்காரப்பா, வீரப்ப மொய்லி என்று மூன்று பேர் அதில் உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கில் ஜெயித்தவருக்குக் கிடைத்தது சட்டப் புத்தகத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அதற்கப்புறம் எத்தனையோ பேர் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

தலையைச் சபையில்தான் எண்ண வேண்டும் என்று ஆனதும் நம்மவர்கள் மூளை வேறு பக்கம் வேலை செய்தது. எண்ணும்வரை தலைகளைப் பத்திரமாக வைக்க வேண்டாமா? ரிசார்ட்டுகள் செழித்தன. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுத் தலைகள் கூவத்தூரில் கடற்காற்று வாங்கின. தலைகளை அங்கே வைத்தவர் சசிகலா. தலைகள் கூவத்தூரில் இருக்கும்போதே அவர் வந்து சேர்ந்த இடம் நம் தலத்தின் எல்லைக் கோயிலான பரப்பன அக்ரஹாரம் ஜெயில். 18-ந் தேதி சட்டை கிழிந்த சபையில் எடப்பாடிக்கு 122, எதிர்ப்பு 11. 2014 செப்டம்பர் 27-ல் ஜெயலலிதாவுக்குத் தீர்ப்புச் சொன்னதும் இதே அக்ரஹாரத்தில்தான். தமிழ்நாட்டு முதலமைச்சர் பதவி கைமாறியது ஓசூர் ரோட்டோரத்தில் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

2018 மே மாதம் கர்நாடகத்தின் முறை. கவர்னர் வஜுபாய் வாலா எடியூரப்பாவுக்குப் பெரும்பான்மை காட்ட 15 நாள் கொடுத்தார். உற்சவர் நடுராத்திரி எழுந்தருளியது அப்போதுதான்: உச்ச நீதிமன்றம் இரவோடிரவாக வழக்கைக் கேட்டது, பிறகு 19-ந் தேதியே எண்ணிக் காட்டு என்றது. எண்ணுவதற்கு முன்பே எடியூரப்பா ஒரு உருக்கமான உரை ஆற்றிவிட்டு ராஜினாமா செய்தார். பொம்மையின் மகன் பசவராஜ் 2021-ல் முதலமைச்சரானார். அவரை யாரும் கலைக்கவில்லை, ஓட்டுப் போட்டே அனுப்பினார்கள்.

பொம்மையைக் கலைத்த ராஜீவ் காந்தி அடுத்த மாதமே செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1989 மே 15-ல் மக்களுக்கே அதிகாரம் என்று பஞ்சாயத்து மசோதாவைக் கொண்டுவந்தார். நசீர் சாப் என்ற அமைச்சர் அரும்பாடுபட்டு ஜில்லா பரிஷத்துகளை ஓடவைத்த கர்நாடகம், அப்போது ஜனாதிபதி ஆட்சியில் இருந்தது. மசோதா ராஜ்யசபாவில் தோற்றது. பிறகு நரசிம்ம ராவ் காலத்தில் நகரங்களுக்கான 74-வது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. ஊர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சி வேண்டும் என்று எழுதிவிட்டு, கீழே ஒரு விதிவிலக்கும் வைத்தார்கள்: தொழில் நகரியத்துக்கு அது கட்டாயமில்லை.

2013-ல் எலெக்ட்ரானிக் சிட்டி அந்த விதிவிலக்குக்குள் நுழைந்தது. எல்சிட்டா என்ற ஆணையம் வந்தது. சொத்து வரி வாங்குகிறது, ரோடு போடுகிறது, குப்பை அள்ளுகிறது, நியாயமாகச் சொன்னால் நன்றாகவே செய்கிறது. வார்டு இல்லை, கவுன்சிலர் இல்லை, எண்ணத் தலையே இல்லாததால் ரிசார்ட்டுக்கும் வேலையில்லை. வேலைக்கு வருகிற தலைகள் ராத்திரி தூங்குவது சுற்றியுள்ள ஊர்களின் பி.ஜி.க்களில். அங்கே ஓட்டு உண்டு, ரோடுதான் இல்லை.

விதிவிலக்கு வாங்காத பெங்களூர் மாநகரம் என்ன ஆயிற்று? பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்து என்கிறது சாசனம். 2020 செப்டம்பரில் கவுன்சிலர்கள் வீட்டுக்குப் போனார்கள். தேர்தல் இதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வருஷம் போனது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்துக்கும் கமிஷனர்களை உடனே போட்டுவிட்டார்கள்.