வீடு பார்க்கும் அன்பர்

நியூயார்க்கின் குவீன்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த வாசலில் 'ஓப்பன் ஹவுஸ்' பலகை தொங்கினாலும் உள்ளே போய்ப் பாருங்கள், அவர் இருப்பார். நாற்பத்தைந்து வயது, காலில் நீல நிற ஷூ உறை, முதுகில் ஆபீஸ் பை. பைக்குள் ஒரு டேப், ஒரு கோலிக்குண்டு, ஒரு செல்போன் சார்ஜர். தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கோலிக்குண்டு சொல்லும். எந்தப் பிளக்கில் கரண்ட் இல்லை என்று சார்ஜர் சொல்லும். வாசலில் இருக்கும் நோட்டில் பெயரைச் சரியாக எழுதுவார், போன் நம்பரில் மட்டும் கடைசி எண்ணை மாற்றிவிடுவார். ஏஜென்ட் பிறகு கூப்பிட்டு "வாங்குறீங்களா?" என்று கேட்டால் சங்கடம். அவர் வாங்க வந்தவரில்லை, பார்க்க வந்தவர்.

அவருக்குச் சொந்த ஊர் திருச்சி என்று வைத்துக்கொள்வோம். அதற்காக இது தமிழருக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். 2020 கணக்கெடுப்பில் குவீன்ஸில் 24 லட்சம் பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேறு ஏதோ ஒரு நாட்டில் பிறந்து இங்கே வந்தவர்கள். ஆகவே கொரியர்களுக்கு ஓர் அன்பர், பங்களாதேஷ்காரர்களுக்கு ஓர் அன்பர், கிரேக்கர்களுக்கு, கயானாக்காரர்களுக்கு, கொலம்பியாக்காரர்களுக்கு என்று நாட்டுக்கு ஒருவர் உண்டு. ஒரே வீடுகளை வருஷக்கணக்காகச் சுற்றி வந்ததில் இவர்களுக்குள் நல்ல சிநேகம். கொரியர் பாய்லர் நிபுணர். கிரேக்கர் கூரையைத் தெருவில் நின்றபடியே எடைபோடுவார். நம்மவர் பாத்ரூம் குழாய்களைத் திறந்து, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி தண்ணீரின் வேகத்தைப் பார்ப்பார். பிறகு மூவரும் நடைபாதையில் கூடி, "இதுக்கு ஒன்பது லட்சமா?" என்று மூன்று உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுவார்கள். 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச் சபை கூடியது இதே குவீன்ஸில், ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் இருந்த ஒரு கட்டடத்தில்தான். அங்கே எப்போதாவது தீர்மானம் நிறைவேறியது. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

அன்பருக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார். ஜாக்சன் ஹைட்ஸ் 74-ஆவது தெருவின் கறிவேப்பிலை கூப்பிடு தூரத்தில் கிடைக்க வேண்டும், ஆனால் அந்தத் தெருவின் கூட்டம் கூடாது. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போக வேண்டும், ஆனால் தலைக்கு மேல் லகார்டியா விமானம் பறக்கக் கூடாது. ஸ்கூல் 26-ஆவது கல்வி மாவட்டத்தில் இருக்க வேண்டும். நகரத்திலேயே நல்ல பெயர் வாங்கிய பள்ளிக்கூடங்கள் அங்கே என்பதால் குவீன்ஸின் பெற்றோர் அத்தனை பேருக்கும் அந்த எண் மந்திரம் மாதிரி. அதோடு சப்வே ஸ்டேஷனும் பக்கத்தில் வேண்டும். எஃப் ரயில் ஜமைக்கா 179-ஆவது தெருவோடு நின்றுவிடுகிறது. 7-ஆம் நம்பர் ரயில் ஃப்ளஷிங்கோடு நின்றுவிடுகிறது. 26-ஆவது மாவட்டத்துக்குள் சப்வே எட்டியே பார்ப்பதில்லை. இதை நான் ஒருமுறை சொன்னபோது, "அதான் சார் தேடிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

வாஸ்து தனிக் கச்சேரி. தெருக்குத்து வீடு என்றால் அவர் காரைவிட்டே இறங்க மாட்டார். ஃப்ளஷிங்கில் ஒருமுறை அப்படிப்பட்ட வீட்டு வாசலில், ஒரு சீனப் பாட்டி மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தெரு நேராக வந்து வீட்டில் முட்டினால் ஆகாது என்பதில் சீன சாஸ்திரமும் நம் சாஸ்திரமும் ஒரு கட்சி. அந்த ஒற்றுமை அடுத்த வீடு வரைக்கும்கூட நீடிக்கவில்லை. அது தெற்குப் பார்த்த வாசல். பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு, நம்மவருக்கு எமன் திசை. கதவு எண்ணில் இரண்டு எட்டு. பாட்டி மகனிடம் உடனே விலை கேட்கச் சொன்னார். நம்மவர் சனீஸ்வரனை நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வீடு அந்த வாரமே போய்விட்டது, யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

குவீன்ஸில் எண்களும் லேசுப்பட்டவை அல்ல. கதவு எண்ணுக்கு நடுவே ஒரு கோடு இருக்கும், அதற்கு முன்னால் இருப்பது குறுக்குத் தெருவின் எண். போதாதற்கு 60-ஆவது அவென்யூ, 60-ஆவது ரோடு, 60-ஆவது டிரைவ் என்று வரிசையாக வரும். அன்பர் ஒரு ஞாயிறு ரோட்டுக்குப் போக வேண்டியவர் டிரைவுக்குப் போய், திறந்திருந்த வீட்டுக்குள் நுழைந்து, சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு ஈக்வடார் குடும்பத்தின் பிறந்தநாள் விருந்து. அவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். தண்ணீர் வேகம் போதாது என்பது அவர் கருத்து.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஏஜென்ட்டை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்: "இந்தத் தெருவில ஆளுங்க எப்படி?"

ஏஜென்ட்டின் முகத்தில் ஒரு திரை விழும். 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி, இனத்தையும் மதத்தையும் பிறந்த நாட்டையும் காட்டி வாங்குபவரை ஒரு பக்கம் தள்ளிவிடுவது குற்றம். 2019-இல் நியூஸ்டே நாளிதழ், பக்கத்து லாங் ஐலண்டில் மறைகேமராவோடு ஆட்களை அனுப்பி, ஏஜென்ட்டுகள் வெள்ளையருக்கு ஒரு தெருவும் மற்றவர்களுக்கு வேறு தெருவும் காட்டுவதை அம்பலப்படுத்தியது. அதிலிருந்து இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே, "நீங்களே ஒரு நாள் சாயங்காலம் வந்து நடந்து பாருங்க" என்பதுதான் பதில். இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. இன்றைக்குச் சேலையும் நகையும் மினுக்கும் ஜாக்சன் ஹைட்ஸ், கட்டப்பட்ட காலத்தில் யூதருக்கும் கறுப்பருக்கும் கதவைச் சாத்திய இடம். அந்தக் கதவு அப்படியே இருந்திருந்தால் அன்பர் ஷூ உறை மாட்டும் தூரத்துக்குக்கூட வந்திருக்க மாட்டார். இதை அவரிடம் சொன்னால், "நான் அந்த அர்த்தத்துல கேக்கலை" என்பார். வேறு எந்த அர்த்தம் என்று இதுவரை விளக்கியதில்லை. சென்னையில் "நீங்க வெஜ்ஜா?" என்ற ஒரே கேள்விக்குள் எத்தனை கேள்விகளை மடித்து வைக்கிறார்கள் என்று வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். அந்த மடிப்புக் கலையோடுதான் நம்மவர் விமானம் ஏறி வந்திருக்கிறார்.

ஏஜென்ட் சொல்லாவிட்டால் என்ன? சாயங்காலம் வந்து நடப்பார். படியில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார், குப்பைத் தொட்டியில் இருக்கும் அரிசிப் பையின் பெயரைப் படிப்பார். ரிச்மண்ட் ஹில்லில் ஒரு வீட்டு முன்னால் மூங்கில் கம்புகளில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள் பறந்தன. உள்ளேயிருந்து வந்த கயானா அம்மாள், அவர் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "என் பாட்டி மதராஸி, எங்கள் வீட்டில் மாரியம்மாவைக் கும்பிடுவோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி உள்ளே கூப்பிட்டார். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வழிவந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, அம்மன் மட்டும் கூடவே வந்திருக்கிறாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்பர் திரும்பி வரும்போது, "நம்மளவங்கதான். ஆனா உடுக்கைச் சத்தம் ராத்திரியில வருமோ?" என்றார்.

ராத்திரியில் அவருக்கு வேறு வேலை இருக்கிறது. ஏக்ரிஸ் என்று நகராட்சியின் பத்திரப்பதிவு இணையதளம் ஒன்று உண்டு. 1966 முதல் யார் யாருக்கு விற்றார்கள், எவ்வளவு கடன் வாங்கினார்கள் எல்லாம் அதில் இலவசமாகக் கிடைக்கும். மற்றவர்கள் படுக்கையில் நாவல் படிப்பார்கள், இவர் மற்றவர்களின் கிரயப் பத்திரம் படிப்பார். மறுநாள் கோயில் கேன்டீனில் மசால் தோசையை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, "நீங்க ஆறு எழுபதுக்கு முடிச்சீங்க போல. ஐம்பது ஜாஸ்தி" என்று ஆரம்பிப்பார். கேட்டவருக்கு அதற்கு மேல் தோசை இறங்காது.

விலையைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை உண்டு. 2021 ஜனவரியில் முப்பது வருஷக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம், வரலாற்றிலேயே தாழ்வு. "இன்னும் இறங்கும்" என்றார். 2023 அக்டோபரில் 7.79-ஐத் தொட்டது. "இப்ப வாங்குறவன் முட்டாள்" என்றார். பத்து லட்சம் டாலரைத் தொட்டால் வாங்குபவர் தலையில் ஒரு சதவீதம் 'மாளிகை வரி' விழும். இன்றைய குவீன்ஸில் அந்த விலைக்கு மாளிகை கிடைக்காது, ஒட்டிக்கட்டிய சுவரும் ஒற்றைக் கார் ஷெட்டும் கிடைக்கும். அதனால் கண் பெரும்பாலும் 'டூ ஃபேமிலி' மேல். மாடியை வாடகைக்கு விட்டு வட்டி கட்டலாம். பேஸ்மென்ட்டையும் விட்டால் அசலே கட்டலாம் என்று நோட்டின் பின்னட்டையில் கணக்குப் போடுவார்.

2021 செப்டம்பர் 1 ராத்திரி, ஐடா புயலின் மிச்சமழையில் குவீன்ஸின் பேஸ்மென்ட்டுகளுக்குள் வெள்ளம் புகுந்து குடியிருந்தவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் குடியேறி வந்த குடும்பங்கள், அனுமதியில்லாத அறைகள். அதற்குப் பிறகு அன்பர் சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார். அந்தக் கணக்கிலிருந்து பேஸ்மென்ட் வாடகையை அவர் இன்னும் எடுக்கவில்லை. இந்த இடத்தில் மட்டும் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி அவர் மனைவி. அந்த அம்மாளை ஒரு சனிக்கிழமை குவீன்ஸின் கரோனா பேட்டையில் இருக்கும் லூயி ஆம்ஸ்ட்ராங் வீட்டு மியூசியத்துக்கு யாரோ அழைத்துப் போயிருக்கிறார்கள். ஜாஸ் மேதை ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போயிருந்த நேரம், 1943-இல் அவர் மனைவி லூசில் தானாகவே அந்த வீட்டை வாங்கிவிட்டார். கச்சேரி முடிந்து டாக்ஸியில் வந்து இறங்கியவர், இது தன் வீடாக இருக்காது, டிரைவர் விளையாடுகிறார் என்று நினைத்தாராம். 1971-இல் சாகும்வரை அந்த வீட்டைவிட்டு அவர் போகவில்லை. அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வீடு திரும்பினார். அடுத்த மாதம், அன்பர் பேசைடில் கோலி உருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், குவீன்ஸின் கிழக்கு மூலையில் ஒரு கோ-ஆப்புக்குத் தானே விலை சொல்லி முடித்துவிட்டார்.

கோ-ஆப்பில் நீங்கள் வாங்குவது வீடு அல்ல. கட்டடத்தை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளையும், குடியிருக்க ஒரு குத்தகைப் பத்திரத்தையும்தான் வாங்குகிறீர்கள். பங்கு தரலாமா என்று போர்டு கூடி முடிவு செய்யும். வரிக் கணக்கு, பாங்க் கணக்கு, சம்பளச் சீட்டு, ஆபீஸ் கடிதம், நண்பர்களின் சிபாரிசு எல்லாம் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டு நேர்காணலுக்குப் போக வேண்டும். காரணமே சொல்லாமல் நிராகரிக்கிற வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர்: ஓய்வு பெற்ற கொரிய டீச்சர், ஒரு யூத மூதாட்டி, பஞ்சாபி டாக்ஸி முதலாளி, ஜமைக்கா நர்ஸ், ஓர் இத்தாலியப் பெரியவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மாதாந்தரச் செலவு ஒவ்வொன்றாகப் படித்தார்கள். பஞ்சாபி ஒரு வரியில் விரலை வைத்து, "இது என்ன, மாசாமாசம் கோலிக்குண்டு?" என்று கேட்டதாக அம்மாள் சொல்கிறார். அதை நான் முழுசாக நம்பவில்லை. ஆனால் அன்பரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது நிஜம்.

பாஸாகிவிட்டார். குடிபோன அடுத்த ஆண்டே போர்டு தேர்தலுக்கும் நின்று ஜெயித்துவிட்டார். கட்டடத்தில் உள்ள அத்தனை பாய்லர் கோளாறும் அத்தனை பேரும் வாங்கிய விலையும் மனப்பாடமாகத் தெரிந்த வேட்பாளருக்கு எதிராக யார் நிற்பார்கள்? போன மாதம் ஒரு நேபாள இளம் ஜோடி நேர்காணலுக்கு வந்தது. காகிதமெல்லாம் கச்சிதம், மற்ற நால்வரும் தலையாட்டிவிட்டார்கள். அன்பர் மட்டும் கோப்பை மூடி வைத்துவிட்டு, பெற்ற தகப்பனின் பரிவோடு அவர்களைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்: "ஏன் இவ்வளவு அவசரம்? இன்னும் நாலு வீடு பார்த்துட்டு வாங்களேன்."