கிசுகிசுன்னா 30, குண்டு வெடிச்சா 8

ஏண்டா பேராண்டி, பாசிர் ரிஸ்ல பத்தாவது மாடியில வீடு. கடல் காத்து சும்மா வருது. அதை அடைச்சுப்புட்டு ஏர்கானைப் போடுற. அப்புறம் அந்த இரைச்சல்ல டிவி வசனம் கேக்கலைன்னு சத்தத்தை ஏத்துற. உன்னை என்னன்னு சொல்ல?

கதாநாயகன் காதலிகிட்ட என்னமோ கிசுகிசுக்கிறான். ஒரு எழவும் வெளங்கலை. 30-க்கு ஏத்துற. மறு நொடி வில்லன் காரு வெடிக்குது. தூங்குன புள்ள அலறுது. நீ சோபா இடுக்குல ரிமோட்டைத் துழாவுற. பாயா லேபார்லேருந்து கெளம்புற போர் விமானத்துக்கே பழகிப்போன குடும்பம், வீட்டு டிவிக்கு நடுங்குது!

உடனே கடைக்கு ஓடி வாங்கியாந்துட்ட. சவுண்ட்பாரு, தரையில வைக்கிற ஊஃபரு. "தியேட்டர் மாதிரியே கேக்கும்"னு கடைக்காரப் பையன் சொன்னானாம். அதுதாண்டா சிக்கலே! படத்துக்கு ஒலி சேத்ததே தியேட்டருக்கு. அங்க பேச்சுக்குன்னு திரைக்குப் பின்னால நடுவுல தனி ஸ்பீக்கர் உண்டு. 5.1னு சொல்றானே, அதுல ஆறு தடத்துல சத்தம் வரும். உன் பொட்டியில இருக்குறது பெரும்பாலும் ரெண்டு. ஆறையும் ரெண்டுல திணிச்சா, பேச்சு வெடிச்சத்தத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்காம என்ன செய்யும்? இதுல டிவி ஒல்லியா இருக்கணும்னு உனக்கு ஆசை வேற. ஒல்லிப் பொட்டியில ஸ்பீக்கரை எங்க வைப்பான்? கீழ பாக்க, இல்லாட்டி பின்னால பாக்க வச்சுட்டான். அது செவுத்துகிட்ட பேசுது. நீ ஒட்டுக்கேக்குற.

1963 பிப்ரவரியில இந்த ஊருக்கு டிவி வந்துச்சு. சமூக நிலையத்துல ஒரே பொட்டி, கம்பமே குந்திப் பாத்துச்சு. வசனம் கேக்கலைன்னா பொட்டியையா திட்டுனோம்? பேசுனவன் வாயை மூடச் சொன்னோம்.

உலகமும் சும்மா இல்லடா. சத்தத்தை எப்படி அளக்குறதுன்னு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006லயே ஒரு முறை வகுத்துச்சு. ஐரோப்பாக்காரன் 2010ல மைனஸ் 23னு ஒரு மட்டம் கட்டுனான். அதே வருசம் அமெரிக்கா சட்டமே போட்டுச்சு, விளம்பரம் நிகழ்ச்சியை மிஞ்சிக் கத்தப்படாதுன்னு. 2012 டிசம்பர்ல நடப்புக்கு வந்துச்சு. சோப்பு விக்கிறவன் வாயை அடைக்க ஒரு நாடாளுமன்றம்!

ஆனா உன் டிவியில ஓடுறதெல்லாம் ஒரே மட்டமா? நெட்ஃபிளிக்ஸ் பேச்சை மைனஸ் 27ல வைக்கச் சொல்லுது. யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14. சுழியை நெருங்க நெருங்கச் சத்தம் கூட. நடுவுல 13 டெசிபல். 10 ஏறுனாலே காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியும். அதுலேருந்து இதுக்குத் தாவுற, குதிக்குது. பொட்டி கெட்டுப்போச்சுன்னு புலம்புற. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!

ரிமோட்டை எடு. செட்டிங்ஸ்ல ஒலின்னு இருக்குற எடத்துக்குப் போ. நைட் மோடு, ஆட்டோ வால்யூம்னு ஏதாச்சும் ஒரு பேர்ல இருக்கும். கம்பெனிக்கு ஒரு பேரு வைப்பானுங்க. போட்டுவுடு, வெடி அடங்கும், பேச்சு மேல வரும். படத்துல 5.1ஐ விட்டுட்டு ஸ்டீரியோ இருந்தா அதைத் தேர்ந்தெடு. காசு எவ்வளவு? ஒரு வெள்ளியும் இல்ல. ஒண்ணு மட்டும் கேளு. இளையராஜா பாட்டுக் கேக்குறப்ப அந்த நைட் மோடை அணைச்சுப்புடு. ஏத்த எறக்கம் போச்சுன்னா பாட்டுல என்ன இருக்கு?

அப்பவும் வீட்டுல பெரிசு ஒண்ணு 40ல வச்சாத்தான் கேக்குதுன்னா, டிவியைப் பாக்காதே, அவரு காதைப் பாரு. வயசானா மொதல்ல தேயுறது மெல்லிசான எழுத்துச் சத்தந்தான். பேசுறது கேக்கும், என்ன பேசுறான்னு புரியாது. அதுக்கு ஊஃபர் மருந்தாகுமா? டாக்டர்கிட்ட கூட்டிப் போ.

ராத்திரி 10.30லேருந்து காலை 7 வரைக்கும் அமைதியா இருங்கன்னு வீவக சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அக்கம்பக்கச் சத்தத்துக்குன்னே அமைச்ச குழு, அதை 10லேருந்து 8னு நீட்டச் சொல்லிடுச்சு. உன் தரைதான் கீழ்வீட்டு மக்சிக்குக்குக் கூரை. அந்த ஊஃபர் பொட்டியைப் பிரிக்காதே. ரசீது இருக்குல்ல? நாளைக்கே போய்த் திருப்பிக் குடுத்துட்டு வா.