குண்டுக்கு உடுத்தும் துணி: வெள்ளகோவிலை முன்வைத்து ஓர் ஆய்வு

குழல் வாய்வழியே மருந்து இடித்துச் சுடும் கருமருந்துத் துப்பாக்கியைப் புதிதாகப் பழகுபவருக்கு உலகிலேயே வாகான ஊர் வெள்ளகோவில் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஊரில் அப்படியொரு துப்பாக்கி கண்ணில் படவில்லையே என்பதை எதிர்ச்சான்றாகக் கொள்ளலாகாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் வாங்கியவரும் தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரலாம். துப்பாக்கி நீங்கலாக மற்றதெல்லாம் இங்கே தயார் என்பதே நம் வாதம்.

வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பங்கில் அமைந்த மருந்தை அளந்து குழலில் கொட்டி, எண்ணெய் தோய்ந்த துணியில் பொதிந்த ஈயக்குண்டை அதன்மேல் கம்பியால் இறக்க வேண்டும். குண்டு மருந்தைத் தொட்டாக வேண்டும்; இடையே வெற்றிடம் விட்டால் குழலே புடைத்துவிடும். கடைசியாகத்தான் மருந்தைப் பற்றவைக்கும் கேப். புதியவர் இதில் மறப்பது பெரும்பாலும் மருந்தை. ஊடை நூல் தீர்ந்தது தெரியாமல் தறி ஓட்டுவது போல, பொறுமையாகக் குறி பார்த்து விசையை இழுப்பார்; கேப் மட்டும் ‘டப்’ என்னும். கம்பியை உருவ மறந்து அதையே இலக்குக்கு அனுப்பியவர்களும் உண்டு. உலகப் போட்டிகளில் அரை மணி நேரத்தில் 13 முறை சுடவிட்டு, சிறந்த 10ஐ மட்டும் கணக்கில் எடுப்பது இத்தகையோர்மேல் கொண்ட இரக்கத்தால்தான் என்பது என் துணிபு.

இனி துணி. பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும், குண்டைப் பிடிக்காது. பாலியெஸ்டர் உருகிக் குழலில் ஒட்டும். நெருக்கமாக நெய்த பருத்திக் காடாவே உகந்தது. அதையும் கஞ்சி போக அலச வேண்டும். சுட்ட துணி சற்றுத் தள்ளி விழும். பொறுக்கிப் பாருங்கள்: நடுவில் கறுத்த வட்டம், பிசிறிய ஓரம், பொத்தல் இல்லை என்றால் துணி தேறிவிட்டது. ஆக, திருப்பூர் பின்னலாடை தோற்றது. வெள்ளகோவில் விசைத்தறி வென்றது. இதில் ஆய்வாளர் நடுநிலை வகிக்கவில்லை.

எண்ணெய்க்கும் வெளியூர் போக வேண்டாம். மோட்டார் ஆயில் கருமருந்துப் புகைக்கரியோடு சேர்ந்து தாராக இறுகும். தாவர எண்ணெய் அப்படிச் செய்யாது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக்குப் பஞ்சமே இல்லை. மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்ற பேச்சால் 1857இல் சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள். கம்பெனியார் அன்றைக்குத் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

ஆனிக் காற்றும் இங்கே ஆசிரியர்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து புகையை நொடியில் கலைத்துவிடும். குண்டையும் கொஞ்சம் ஒதுக்கும்.

கருதுகோளைக் களத்தில் சோதிக்கத் தறிக்காரர் ஒருவரை அணுகினேன்.

“ஏனுங்க, துண்டு எத்தனை இன்ச்சுங்க?”

“ஒண்ணேகால் இன்ச்சுங்க.”

“எத்தனை மீட்டர் ஓட்டோணும்?”

மீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் வெட்டினால் 961 துண்டு தேறும், 70 போட்டிக்கு மேல் தாங்கும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரு மீட்டருக்குப் பாவு பூட்டச் சொல்றீங்களா? ஊட்டுல பழைய வேட்டி கிடந்தாக் கிழிச்சுக்குங்க சாமி.”

நான் எட்டு முழத்தைச் சோதித்துப் பார்த்தேன். நெசவு நெருக்கம்தான், கஞ்சி போய் வருடக்கணக்காகிறது.