தூரத்தில் கேட்கும் ஊர்

ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தபடி பனைமரப் பாட்டுக்குக் கண்கலங்குகிறார்களே ரொறன்ரோத் தமிழர்! அவ்வளவு ஆசையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானே? (வாசகர், மார்க்கம்)

எந்த ஊருக்கு? யாழ்ப்பாணத்து மயிலிட்டிச் சனம் 1990 ஜூனில் போரால் உடுத்த உடுப்போடு வெளியேறியது. மீன்பிடித் துறைமுகத்தை இராணுவம் விட்டுக்கொடுத்தது 2017 ஜூலையில். 27 ஆண்டு! வலிகாமம் வடக்கில் சொந்தக் காணிக்காக இன்றும் போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல நாடுகளில் கிராமம் மெல்ல மறைந்தது. வலிகாமம் வடக்கிலோ முள்கம்பி போட்டு மறித்தார்கள். அந்தக் கம்பிக்குள் போய்வர முடிந்தது பாட்டுக்கு மட்டும்தான். அழட்டும், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஈழத்துப் பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’வுக்குமா அழுவார்கள்? அது ஆட்டப் பாட்டல்லவா? (வாசகி, ஸ்கார்பரோ)

ஆடிக்கொண்டே அழுவார்கள். இளவட்டக் குறும்பாகப் பிறந்த பாட்டு அது. ஏக்கம் துளியும் கிடையாது. ஏக்கத்தைச் சேர்த்தது தூரம். உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் அது ஒலிக்கும்போது பாருங்கள்: எழுபது வயதுப் பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாக எழும்புவார். கன்னத்தைத் துடைப்பது ஆடி முடித்த பிறகுதான்.

கிராமத்துப் பாட்டுக்கு உருகுவதில் நம்மை மிஞ்ச ஆளுண்டா? (வாசகர், பிராம்ப்டன்)

செர்பியர்கள்! 1968இல் மேற்கு ஜெர்மனி, அப்போது செர்பியாவையும் உள்ளடக்கிய யூகோஸ்லாவியாவோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. ஆலை வேலைக்குப் போனவர்கள் அக்கார்டியன் முழங்கும் கிராமியப் பாட்டை விடவே இல்லை. ரொறன்ரோவிலும் செர்பியர் உண்டு. பக்கத்து வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பாடியே காட்டுவார்.