சமக்குறியைக் கடக்கும் எண் குறி மாறும் இடம் யாது?

மாறியின் அடுக்கு ஒன்றைத் தாண்டாத சமன்பாடு நேரியல் சமன்பாடு எனப்படும். மாறியை ஒரு பக்கம் தனித்து நிறுத்திவிட்டு, மற்றவற்றைச் சமக்குறிக்கு அப்பால் அனுப்புவதே அதைத் தீர்க்கும் முறை. கூட்டலாகப் புறப்பட்ட எண் கழித்தலாகப் போய்ச் சேரும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வழியில் எவ்விடத்தில் மாறியது என்பதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே இவ்வாய்வு இன்றியமையாததாகிறது.

பழங்காலம் பெரிதும் உதவாது. ஏறத்தாழ கி.மு. 1550இல் எகிப்திய எழுத்தர் ஆமெஸ் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில் ஒரு கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அளவு என்ன? ஆமெஸ் முதலில் 7 என்று வைத்துப் பார்க்கிறார், 8 வருகிறது. 8ஐ 19 ஆக்கும் பெருக்கத்தை 7க்கும் செய்ய, பதினாறே அரையே அரைக்கால் கிடைக்கிறது. விடை சரி. ஆனால் எதுவும் பக்கம் மாறவில்லை; இத்தகைய முறையை ஆய்வாளர் பொருட்படுத்துவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் அல் குவாரிஸ்மி, ஒரு பக்கம் கழிந்து நிற்பதை மறுபக்கம் கூட்டிக்கொள்ளும் முறையைத் தெளிவாக எழுதினார். எனினும் அவர் எழுதியது முழுவதும் சொற்களால். எல்லைக்கோடே இல்லாத இடத்தில் எல்லை தாண்டுவது எப்படி?

கோட்டை இட்டவர் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ராபர்ட் ரெக்கார்ட். 1557இல் லண்டனில் வெளிவந்த தம் நூலில், இணைகோடுகள் இரண்டைவிடச் சமமானவை வேறில்லை என்று காரணம் கூறிச் சமக்குறியை அறிமுகப்படுத்தினார். அக்குறியோடு அவர் அச்சிட்ட முதல் சமன்பாடு, இன்றைய வடிவில், 14எக்ஸ் + 15 = 71. எக்ஸ் அன்று இல்லை. 1637இல்தான் டெகார்ட்டின் நூலில் அது இடம்பெற்றது.

இச்சமன்பாட்டில் 15 வலப்பக்கம் செல்கிறது. செல்லும் வழி குறித்து மூன்று கட்சிகள் எழக்கூடும். மேற்கோட்டின்மீது நடந்து செல்கிறது என்பர் மேற்கோட்டார். கீழ்க்கோட்டின்மீது என்பர் கீழ்க்கோட்டார். இரண்டுக்கும் இடையே புகுந்து செல்கிறது என்பர் இடைவெளியார். இவர்கள் மற்ற இரு கட்சியாராலும் வெறுக்கப்படுவர். ரெக்கார்ட் அச்சிட்ட சமக்குறி இன்றையதைவிட மிக நீளம். ஆதலால் அக்காலத்து எண்கள் ஆற அமரக் குறி மாற்றிக்கொண்டன என்றும், குறி குறுகிய பின்னரே அவசரத்தில் மாற மறப்பது மிகுந்தது என்றும் கீழ்க்கோட்டார் சாதிப்பர். இது பொருந்தாது என்பதற்கு மேற்கோட்டார் காட்டும் சான்று வலிமையானது: கீழ்க்கோட்டு உரையை மறுத்தெழுந்த உரைக்கு ஒரு விளக்கவுரை உண்டு, அதன் ஏட்டில் செல்லரித்துப்போன பகுதியில் தம் கருத்தே இருந்திருக்கும் எனப் பதிப்பாசிரியர் ஊகித்ததாக, அணிந்துரை வழங்கியவர் நினைவுகூர்கிறார். அணிந்துரை கிடைத்தவுடன் இது உறுதிப்படும். கிடைக்காவிடினும் முனைவர் பட்டத்துக்குத் தடையில்லை.

எதுவும் எங்கும் செல்லவில்லை என்பாரும் உளர். இருபுறமும் 15ஐக் கழித்தால் இடப்புறம் 15 தீர்ந்துவிடும், வலப்புறம் 71 குறைந்து 56 ஆகும், அவ்வளவே என்பர். இவ்விளக்கத்தில் பிழை ஏதும் காணப்படவில்லை. ஒரே வரியில் முடிந்துவிடுவதால் கருத்தரங்குகளுக்கு இது ஏற்றதன்று.

பெருக்கிக்கொண்டிருந்த 14 அடுத்துப் புறப்படுகிறது. இருபுறமும் 14ஆல் வகுப்பதே நிகழ்வது. 56ஐ வகுக்க 4. இங்கே பெருக்கல்தான் வகுத்தலாகிறது, குறி மாறுவதில்லை. பக்கம் மாறினால் குறி மாறும் என்பதை மந்திரமாக உருப்போட்டவர் 14ஐயும் கழித்தற்குறியோடு அனுப்பி −4 பெறுவர். பழிக்கத்தக்கது மந்திரம், மாணவர் அல்லர்.

சில சமன்பாடுகளில் மாறியே அடிபட்டுப் போகும். 0 = 5 என நின்றால் தீர்வு இல்லை; 0 = 0 எனில் எவ்வெண்ணும் தீர்வு.

சரிபார்த்தல்: 14ஐ 4ஆல் பெருக்கி 15ஐக் கூட்ட 71 வரும். இவ்வழக்கம் பாடநூல்களில் மட்டும் காணப்படுகிறது.