சுடச்சுட ஒரு பார்சல்: கேள்வி-பதில்

கேள்வி: பிரியாணி ஊரில் பிறந்துவிட்டு, ராத்திரியானால் எக் ரைஸ் பார்சலுக்கு நிற்கிறேன். ஊருக்குச் செய்யும் துரோகமா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: இல்லவே இல்லை. பிரியாணிக்கு நாம் காத்திருக்க வேண்டும்; எக் ரைஸ் நம்மைக் காக்க வைக்காது. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவருக்கு அடுப்பிலிருந்து ஐந்து நிமிடத்தில் சூடாக ஒரு பொட்டலம் கிடைப்பது பெரிய உபகாரம். ஞாயிறு மதியம் சீரகச் சம்பாவும் கத்தரிக்காயும் இருக்கவே இருக்கின்றன.

கேள்வி: மஞ்சூரியாவில் கோபி மஞ்சூரியன் கிடைக்குமா? (மாணவர், காட்பாடி)

பதில்: கிடைக்காது. மஞ்சூரியன் பிறந்த ஊர் மும்பை. 1975-ல் அங்குள்ள கிரிக்கெட் கிளப்பில் சமைத்துக்கொண்டிருந்த நெல்சன் வாங், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயோடு சோயா சாஸ் சேர்த்துச் சிக்கனில் செய்து பார்த்தது அது. காலிஃபிளவர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வாங் கல்கத்தாச் சீனர் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கு உதவும்.

கேள்வி: கல்கத்தாவில் சீனர்களும் தோல் வியாபாரம் செய்தார்கள் என்று தாத்தா சொல்வார். உண்மையா? (தோல் மண்டிக்காரர், வாணியம்பாடி)

பதில்: உண்மை. நீங்கள் பார்சல் வாங்கும் ஹக்கா நூடுல்ஸே தோல் பதனிட்டவர்களின் பெயரைத் தாங்கியதுதான். தென் சீனத்திலிருந்து வந்த ஹக்கா மக்கள், கல்கத்தாவின் கிழக்கே டாங்ரா சதுப்பு நிலத்தில் தோல் ஆலைகள் வைத்தார்கள். சாதி பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிய தொழில். பாலாற்றங்கரையில் முஸ்லிம் வணிகர்களும் தலித் தொழிலாளர்களும் தோளில் தாங்கியதை அங்கே அவர்கள் தாங்கினார்கள்.

1962-ல் இந்திய-சீனப் போர் வந்தது. சீன முகம் என்ற ஒரே காரணத்துக்காக ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தோம். இந்தியாவிலேயே பிறந்த பிள்ளைகளும் அதில் உண்டு. நம் நாடு அவர்களிடம் இன்னும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து. விடுதலையானவர்களில் பலர் பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் 1996. ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், பாலாற்றைக் கெடுத்த ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 19-ல் டாங்ரா ஆலைகளை ஊருக்கு வெளியே பன்டாலாவுக்குப் போகச் சொன்னது. இரண்டு அமர்வுக்கும் தலைவர் நீதிபதி குல்தீப் சிங். இங்கே கழிவுநீர்ப் பொது சுத்திகரிப்பு நிலையங்களோடு தொழில் தொடர்ந்தது. அங்கே பல குடும்பங்கள் தோலை விட்டுவிட்டுக் கடாயைப் பிடித்தன. தோல் ஊறிய கொட்டகைகளில் சாப்பாட்டு மேசைகள் வந்தன. தாத்தாவிடம் சொல்லுங்கள்: ராத்திரி பார்சல் சொந்தத் தொழிற்காரர் வீட்டிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கத்துத் தெருக்களில் வங்காளி எழுத்துப் பலகைகளும் சௌமினும் எப்படி வந்தன? (வேலூர்)

பதில்: நோயாளிகளோடு வந்தன. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு ஊர் ருசி வேண்டாமா? அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறவரின் தம்பி வாங்கிப் போகும் அந்த நூடுல்ஸ் பொட்டலத்தை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

கேள்வி: அஜினோமோட்டோ விஷமா? (குடியாத்தம்)

பதில்: இல்லை. 1908-ல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகெதா கடற்பாசியிலிருந்து கண்டெடுத்த குளூட்டமேட் ருசி. உங்கள் தக்காளியிலும் அதே குளூட்டமேட் இருக்கிறது. 1968-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம் கிளப்பிய பயம் இன்னும் ஓடுகிறது. பின்னால் வந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம். பெரியவர்கள் கவலைப்பட வேண்டியது சோயா சாஸில் இருக்கும் உப்புக்கு.

கேள்வி: அப்படியானால் எதற்குத்தான் பயப்படுவது?

பதில்: நிறத்துக்கு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு, ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. அடுத்த மாதமே கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாது என்றது கர்நாடகம். சாயம் எங்கே ஏற வேண்டும் என்று தோல் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே “அண்ணா, கலர் போடாம” என்று சொல்லுங்கள். பத்துப் பேர் சொன்னால் பதினோராவது ஆளுக்கு மாஸ்டரே போட மாட்டார்.

கேள்வி: மிச்ச ஃபிரைடு ரைஸைக் காலையில் சூடாக்கிச் சாப்பிடலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: ராத்திரி முழுக்க வெளியே கிடந்ததென்றால் தொடவே வேண்டாம். சோறு வெந்த பிறகும் பிழைத்துக் கிடக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி, ஆறிப்போன சோற்றில் பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். பொட்டலம் வாழையிலையில் இருக்கட்டும். அச்சடித்த செய்தித்தாள் சாப்பாட்டில் படக் கூடாது.

கேள்வி: வீட்டில் செய்தால் கடை ருசி வருவதில்லையே? (பேர்ணாம்பட்டு வாசகி)

பதில்: தீ போதவில்லை, அம்மா. கடை பர்னரின் வேகம் வீட்டு அடுப்புக்கு இல்லை. ஆறிய சோற்றை எடுத்து, ஒரு தட்டு அளவு மட்டும் போட்டு வதக்குங்கள். கடாய் நிறையப் போட்டால் சோறு வேகும், வறுபடாது.

கேள்வி: நான் சைவம். சிக்கன் வதக்கிய கடாயிலேயே என் கோபி ரைஸையும் போடுகிறார்கள். என்ன செய்ய? (திருப்பத்தூர்)

பதில்: சாயங்காலம் கடை போட்டதும் போய் நில்லுங்கள். கழுவிய கடாயில் முதல் தட்டு உங்களுடையது.