முழங்காலுக்குப் பிடித்த ஏரியா

ரிடையர் ஆனவன் ஊர் மாறப்போகிறான் என்று தெரிந்தால் போதும், அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட ஆலோசனையோடு வந்துவிடுவார்கள். கும்பகோணத்தை விட்டுப் போகப்போகிறோம் என்று நான் சொன்னது காய்கறிக் கடையில், அதுவும் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே. வீடு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு ஊராகச் சிபாரிசு செய்துவிட்டார்கள். சகலை தாம்பரம் என்றார். காரணம், அவர் தாம்பரத்தில் இருக்கிறார், சீட்டாட ஒரு கை குறைகிறது. கூட வேலை பார்த்த நண்பர் ஸ்ரீரங்கத்தை விட்டால் வேறு ஊரே கிடையாது என்றார். "கோயில் இருக்கு, காவிரி இருக்கு, அம்மா மண்டபமும் பக்கத்துலயே இருக்கு. பசங்களுக்கு அலைச்சல் இல்லை பாரு." என் காரியத்தை எங்கே நடத்துவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார், நல்ல மனிதர். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும், "வளர்ந்த மரத்தைப் பிடுங்கி வேற இடத்துல நட்டா பட்டுப்போயிடும்பா" என்றார். கோயம்புத்தூரில் ரோடு அகலப்படுத்தும்போது வளர்ந்த மரத்தையே கிரேன் வைத்துத் தூக்கி வேறு இடத்தில் நடுகிறார்கள், சில துளிர்க்கவும் செய்கின்றன என்றேன். "சிலதுதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோயம்புத்தூர் என்று முடிவானதற்குக் காரணம் சீதோஷ்ணம் அல்ல, மகள். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை, மாப்பிள்ளைக்கும் அங்கேயே. ஊரை அவள் முடிவு செய்துவிட்டதால் ஏரியா மட்டும் எங்கள் பொறுப்பு. அதற்கு என் மனைவி ஒரு சூத்திரம் வைத்திருந்தாள். "பேத்திக்குக் காய்ச்சல்னா ஆட்டோ வெச்சு உடனே போயிடணும். மாப்பிள்ளைக்குக் கோபம்னா நமக்குக் கேட்கக் கூடாது. அந்தத் தூரத்துல பாருங்க." எந்த மேப்பிலும் அளக்க முடியாத தூரம் இது.

மகள் அளந்து பார்த்தாள். ஓர் எக்செல் ஷீட் அனுப்பினாள். இடது பக்கம் ஏரியாக்கள். மேலே ஆஸ்பத்திரி தூரம், ஏர்போர்ட் தூரம், தண்ணீர், வாடகை, ரீசேல் வேல்யூ என்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று நாங்கள் நிரப்பவேண்டும். வாடகைக்குப் போகிறவர்களுக்கு ரீசேல் வேல்யூ எதற்கு என்று கேட்டேன். "பின்னாடி வாங்குற ஐடியா வந்தா?" என்றாள். வாங்கினாலும் அதை விற்கப்போவது நாங்கள் இல்லை, எங்களுக்குப் பிறகு அவள்தான். அந்த வகையில் அது நேர்மையான கட்டம்.

ஷீட்டில் இல்லாத ஒரு கட்டம் என் மனைவியின் முழங்கால். மூட்டுத் தேய்மானம். டாக்டர் சொன்னதெல்லாம் இரண்டே விஷயம்: நடக்கணும், படி ஏறக் கூடாது. எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் உள்ளே நுழைவதற்கு முன் குனிந்து வாசற்படியைச் சாண் போட்டு அளப்பாள். முக்கால் சாணுக்கு மேல் உயரம் இருந்தால் திரும்பிவிடுவாள். ஹாலில் இத்தாலி மார்பிள் போட்டிருக்கிறார்கள், மாடுலர் கிச்சன் இருக்கிறது என்று புரோக்கர் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருப்பாள்.

கோவையில் வீடு பார்க்கிறவர்கள் வாடகைக்கு முன்னால் தண்ணீரைக் கேட்கவேண்டும். "சிறுவாணியா, பில்லூரா?" என்று. மேற்குப் பக்கத்து ஏரியாக்களுக்குப் பெரும்பாலும் சிறுவாணி. அணை இருப்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில். புரோக்கர் தம்பி, "சிறுவாணித் தண்ணிங்க சார்" என்று சொல்லும்போது குரல் தானாகவே ஒரு படி ஏறிவிடும். காவிரிக்கரைக்காரனிடம் வந்து தண்ணீர்ப் பெருமையா என்று அலட்சியமாகத்தான் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டேன். அந்த ருசியை ஒப்புக்கொள்ள மனசு வராமல் யோசித்ததில் ஒன்று புலப்பட்டது: சிறுவாணி பவானியில் சேர்கிறது, பவானி காவிரியில் சேர்கிறது. ஆக, எங்கள் ஊருக்கு வந்து சேரவேண்டிய தண்ணீரைத்தான் இவர்கள் வழியிலேயே பிடித்துக் குடிக்கிறார்கள். பரவாயில்லை, இனிமேல் நாங்களும் வழியில்தான்.

முதலில் சரவணம்பட்டி. மகள் வீட்டுக்குப் பக்கம், புதுப்புது கட்டடம், வாடகையும் பரவாயில்லை. சாயங்காலம் தெருவில் நடந்து பார்த்தோம். ஜிம், பிரியாணி, டாட்டூ, ஆண்கள் பி.ஜி., பெண்கள் பி.ஜி., மறுபடியும் பிரியாணி. முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரைக்கூடப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் தங்கமானவர்கள். எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும், "என்ன அங்கிள், வழி தெரியலீங்களா?" என்று கேட்டார்கள். வயதானவர்கள் அந்தத் தெருவுக்குள் வந்தால் வழி தவறித்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். வெற்றிலை எங்கே கிடைக்கும் என்று ஒரு பையனைக் கேட்டேன். செல்போனை எடுத்துத் தேடி, பத்து நிமிடத்தில் வீட்டுக்கே வந்துவிடும் என்றான். வெற்றிலை வாங்கப் போவது வெற்றிலைக்காக மட்டும் அல்ல என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

வடவள்ளியை நான் மிகவும் விரும்பினேன். மருதமலை பக்கத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, ஒரு நல்ல உழவர் சந்தை. வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு பக்கம், பாரதியார் பல்கலைக்கழகம் ஒரு பக்கம் என்பதால் ரிடையர்டு புரொஃபசர்களுக்குப் பஞ்சமில்லை. காலையில் வாக்கிங் போனால் ஒருவர் மண்ணைப் பற்றியும் இன்னொருவர் மார்க்ஸைப் பற்றியும் வகுப்பெடுப்பார்கள். புரோக்கர் தம்பி அங்கே எங்களுக்கு ஒரு காலி மனையையும் காட்டினார். "அஞ்சரை சென்ட்டுங்க, சைட்டு சூப்பரா இருக்கும்." தஞ்சாவூர்க்காரனுக்கு நிலம் என்றால் குழி, மா, வேலி. ஒரு மா என்பது 33 சென்ட். எங்கள் பக்கம் ஒரு மா வைத்திருப்பவர் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனுக்குக் கால்கடுக்க நிற்பார். வடவள்ளியில் ஒரு மா வைத்திருப்பவரைத் தேடி பேங்க் மேனேஜர் வீட்டுக்கு வருவார். விலையைக் கேட்டேன். அதற்கப்புறம் வாடகை வீடு மட்டும் காட்டச் சொன்னேன்.

மலை அடிவாரத்தை ஒட்டி ஒரு வீடு காட்டினார். தனி வீடு, கீழ்வீடு, படி இரண்டே இரண்டு. முழங்கால் முதன்முறையாகச் சம்மதம் சொன்னது. பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரவேற்றார்.

"வாங்க வாங்க. நல்ல வீடுங்க. பலாப்பழம் மட்டும் வாங்கி உள்ள வெச்சுக்காதீங்க. வாசம் புடிச்சு வந்துரும்."

"எது, ஈயா?" என்றாள் என் மனைவி.

"யானைங்க."

புரோக்கர் தம்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்கம்மா. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போயிரும்." கும்பகோணத்தில் யானை என்றால் கோயில் வாசலில் நின்று, காசு கொடுத்தால் ஆசீர்வாதம் செய்வது. இங்கே அது அரிசி மூட்டையைத் தேடி ராத்திரியில் வீட்டுக் கதவை முட்டும். அதன் வழியில் வீட்டைக் கட்டியது நாம்தான், யானையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஓடவேண்டிய நேரத்தில் ஓடக்கூடிய முழங்கால் வேண்டும் அல்லவா?

மாப்பிள்ளையின் தேர்வு பீளமேடு. அவர் கணக்கு ஒன்றே ஒன்று: வயசானவர்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கவேண்டும். அவிநாசி ரோட்டில் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவே இல்லை. அவர் பார்த்த அபார்ட்மென்ட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் போர்டே தெரிந்தது, எதிர்ப்பக்கத்தில். நடுவில் அவிநாசி ரோடு. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டருக்கு 2025-ல் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் ஏர்போர்ட் போகிறவர்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். பாலத்துக்குக் கீழே ரோட்டைக் குறுக்கே கடக்கிறவனுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அந்த ரோட்டைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போக உருப்படியான காரணம் ஒன்று கிடைத்துவிடும்.

அந்த அபார்ட்மென்ட்டைப் பற்றி எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்த. மனிதர்கள் முதல் மாடியிலிருந்து. முழங்காலே இல்லாத காருக்குக் கீழ்த்தளம், முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மேல்தளம். லிஃப்ட் இருக்கிறதே என்பார்கள். கரன்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டேன். "இருக்குதுங்க சார், டீசல்தான் அசோசியேஷன்ல பேசிட்டிருக்காங்க" என்றார் வாட்ச்மேன்.

ஆர்.எஸ். புரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எங்கள் பென்ஷன் அந்த எல்லைக்குள் நுழையாது. நகரசபைத் தலைவராக இருந்து சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்ட இரத்தினசபாபதி முதலியார் பெயரில் உள்ள பகுதி. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நகரத்தைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. பிளேக் மாரியம்மன் என்றே இங்கே கோயில்கள் இருக்கின்றன. ஜனங்கள் உயிருக்குப் பயந்து ஏரியா மாறிய ஊர் இது. நாங்கள் வெறும் படிக்கட்டுக்குப் பயந்து மாறுகிறோம். டி.பி. ரோட்டில் ஒரு காபி குடித்துவிட்டு, அந்தக் காபி விலையிலிருந்தே வாடகையை ஊகித்துக்கொண்டு திரும்பினோம்.

இடையில் மகள் ஊருக்கு வெளியே முதியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றுக்கு அழைத்துப்போனாள். கோவையைச் சுற்றி இப்படி நிறைய வந்துவிட்டன. குறை சொல்ல ஒன்றும் இல்லை. சறுக்காத தரை, பாத்ரூமில் கைப்பிடி, கூப்பிட மணி, உப்புக் குறைவாகச் சாப்பாடு. அறிமுகம் செய்துகொள்ளும் முறைதான் புதிது, பெயர் சொல்வதில்லை. "நான் நியூஜெர்சி", "நாங்க மெல்போர்ன்" என்கிறார்கள். பிள்ளைகள் இருக்கும் ஊர். என் முறை வந்தபோது "சரவணம்பட்டி" என்றேன். பாவம் என்று பார்த்தார்கள். வெளியே வந்ததும் என் மனைவி, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. ஆனா அங்கே எல்லாருக்கும் வயசாயிடுச்சு" என்றாள். அவளுக்கு அறுபத்திரண்டு.

கடைசியில் அமைந்தது சாய்பாபா காலனியை ஒட்டிய கே.கே. புதூர். மகளின் ஷீட்டில் அது சரியாக நடுவில் இருந்தது. எதிலும் முதல் இல்லை, எதிலும் கடைசியும் இல்லை. வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே என் மனைவி தெருவைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, தெருமுனை இஸ்திரி வண்டியிலிருந்து நடந்தாள். மருந்துக் கடை, தையல்காரர், தள்ளுவண்டியில் கீரை, பிள்ளையார் கோயில். கோயில் சுவரை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்ச். அதில் ஏற்கெனவே இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்து யாரோ ஒரு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்க் கூப்பிட்டபோது, "இருங்க, அந்தப் பொண்ணு மேலயும் தப்பு இருக்கு" என்றாள். வீட்டைப் பார்க்காமலே ஏரியா முடிவாகிவிட்டது.

வீட்டுக்காரர் மேலே இருக்கிறார்; கீழ்வீடு எங்களுக்கு. படியை அளந்தாள். முக்கால் சாணுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுக்காரர் கேட்டது மூன்று கேள்வி. "ரெண்டே பேர்தானுங்களா? ஆணி அடிப்பீங்களா? உங்களுக்கு சுகர் இருக்குங்களா?" மூன்றாவது கேள்வி எதற்கு என்று புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவருக்கும் இருக்கிறது, மாத்திரை கம்பெனி ஒப்பிட்டுப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அட்வான்ஸ் ஆறு மாதம் என்றார். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று நான் பணிவாக எடுத்துச் சொன்னேன். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால்தான் அது என்று அவர் அதைவிடப் பணிவாகச் சொன்னார். ரிஜிஸ்டிரார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். நான்கு மாதத்துக்கு இறங்கி வந்தார்.

குடிவந்துவிட்டோம். பேத்திக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோவில் போகிறோம்; மாப்பிள்ளையின் கோபம் எங்களுக்குக் கேட்பதில்லை. ஏரியா தேடிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லலாம்: காரில் போய்ப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போகாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய், கீரை வாங்கிக்கொண்டு திரும்ப முடிகிறதா என்று நடந்து பாருங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. படியை ஆறு அங்குலத்துக்கு மேல் வைக்காதீர்கள், பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியும் போட்டுவிடுங்கள். எங்களை மாதிரிக் குடித்தனக்காரர்கள் வருவோம், வாடகையை ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுவோம், ஆணியும் அடிக்கமாட்டோம்.